ராச்சாப்பாடு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாத்திரை என்று டாக்டரம்மா சொன்னபோதே ரோசம்மாளின் முகம் மாறிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் அட்டையை வாங்கிப் பார்த்ததும் இன்னும் மாறியது. அதே அட்டை. அதே சின்ன வெள்ளை மாத்திரை. அவள் புருஷன் கிறிஸ்துராஜ் மாரடைப்பு வந்து பிழைத்த நாளிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்று விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

“ஏட்டி, இது ஒங்க மாமா மாத்திரைல்லா?” என்று மருமகளிடம் கேட்டாள். “நெஞ்சுவலிக்காரருக்கு ஒண்ணு. புள்ளத்தாச்சிக்கு ரெண்டா?”

எலினா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு மூன்று மாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. வயிறு வெளியே தெரியவில்லை. ரோசம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். ரோசம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. எலினாவின் போன பிரசவத்தைப் பற்றி எழுதியிருந்ததை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு தடவை ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்தவளுக்கு அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம். கால் வீங்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. ஆனால் நச்சுக்கொடி கருப்பையில் வேர் பிடிக்கிற மாதங்களிலேயே அந்தக் கோளாறு தொடங்கிவிடுகிறது. அதற்குப் போகிற ரத்தக்குழாய்கள் சரியாக விரிந்துகொடுப்பதில்லை. இந்த ஆஸ்பிரின் மாத்திரை இரண்டு சேர்ந்தாலும் குறைந்த அளவுதான், இப்போதே தொடங்கினால் அங்கே ரத்தம் தடையில்லாமல் ஓட உதவும்.

“அப்பம் இந்தத் தடவ வராதா?” என்றாள் ரோசம்மாள்.

“சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேம்மா. வர்ற வாய்ப்பு நல்லாக் குறையும். அதுக்கு ஒரு நாள்கூட விடாம போடணும். ராத்திரி, சாப்பிட்ட பிறகு.”

இருவரும் வத்திராயிருப்புப் பேருந்தில் ஏறினார்கள். கிருஷ்ணன்கோவிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் விற்பனைக்குத் தொங்கின. எலினா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மடியிலிருந்த மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மகாராஜபுரம் தாண்டியதும் ரோசம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

“மாமாகிட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாத. ஒனக்கும் நெஞ்சுவலின்னு நெனச்சி அவிய பயந்துருவாக.”

*

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் கிறிஸ்துராஜுக்கு ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உண்டு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மகன் ஜெர்வினும் பட்டாளத்தில்தான். பனிக்கு நடுவே எங்கோ இருந்தான். போனில் சிக்னல் கிடைக்கிற நாளில் பேசுவான். எலினா ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டிக்காரி. ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிற தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் தேங்காய் உரிக்கக் கற்றாள். நட்டு வைத்த கடப்பாரை முனையில் காயைக் குத்தி, ஒரு திருப்புத் திருப்பி, மட்டையை உரித்துப் போட வேண்டும். முதல் வாரம் முழுக்க மணிக்கட்டு வீங்கிக் கிடந்தாள். அதற்கப்புறம் மரமேறும் பால்ச்சாமியே, “ரோசம்மா அக்கா, ஒங்க மருமக வந்த பொறவு எனக்குத்தான் மெதுவா வெட்டுதேன்னு கெட்ட பேரு” என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு பங்குனி மாதம். வெயில் ஓலையைத் தாண்டி இறங்கியது. எலினாவுக்குத் தலை வலித்தது. வெயில் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ரோசம்மாள் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். செருப்புக்குள் கால் நுழையவில்லை. நீர் கோத்திருக்கிறது, பார்லிக் கஞ்சி குடி என்றார்கள். மறுநாள் காலை அவள் கண்ணில் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேங்காய்க் குவியலின் மேல் சாய்ந்தாள், வலிப்பு வெட்டிவெட்டி இழுத்தது.

பால்ச்சாமிதான் தூக்கி ஆட்டோவில் போட்டான். அவள் பிழைத்தாள். ஏழு மாதப் பையன் பிழைக்கவில்லை. கண் விழித்தபோது அவனை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதுமில்லை.

*

மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரே மேசையில் இரண்டு அட்டை இருந்தால் தெரியாமலா போகும். கிறிஸ்துராஜ் தன் அட்டையை எடுத்து, மருமகள் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எலினாவே எல்லாவற்றையும் சொன்னாள்.

ரோசம்மாளுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. இந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீராக்கிவிடும் என்றாள். போன வருஷம் அவர் பாரையில் கையைக் கிழித்துக்கொண்டபோது ரத்தம் நிற்காமல் ஒரு துண்டு முழுக்க நனைந்ததை நினைவுபடுத்தினாள். பிரசவத்தில் அப்படி நிற்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்டாள்.

கிறிஸ்துராஜ் தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த வழியில்தான் அவரால் சொல்ல முடிந்தது.

“தோப்புல சொட்டுநீர்க் கொழாய் போட்டுருக்கம்லா. உப்புத் தண்ணி அது. சும்மா விட்டா சொட்டுற ஓட்ட அடைச்சிக்கிடுது. அடைச்ச பொறவு மரத்துக்கு ஓல காஞ்சி தொங்கும்போதுதான் நமக்குத் தெரியுது. அப்பம் கொழாயக் கழுவி என்ன பிரயோசனம். குரும்பப் பிஞ்சு பூரா உதுந்துருக்கும். அதான் மொதல்லயே மருந்து விட்டுக் கழுவுதோம்.”

“எம் மருமக கொழாயா?”

“நீ கேட்ட, நான் சொன்னேன்.”

மறுவாரம் கிராம நர்ஸ் யுவராணி வந்தபோது ரோசம்மாள் அவளிடமும் கேட்டாள். குறைந்த அளவுதான், டாக்டர் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார், பிரசவத்துக்கு முன்னால் அவர்களே நிறுத்தச் சொல்வார்கள் என்றாள் யுவராணி. ஆனால் இதைக் கேட்டுவிட்டு வேறு யாரும் தானாகக் கடையில் வாங்கிப் போட்டுவிடக் கூடாது என்றும் சொன்னாள். ரோசம்மாள் தலையாட்டினாள். அதன்பிறகு தினமும் எட்டு மணிச் சோற்றுக்கு அப்புறம் அவளே தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தாள். வருகிற போகிறவர்களிடம், “எங்க வீட்டுல இப்பம் ரெண்டு நெஞ்சுவலிக்காரவுக” என்று சிரிக்காமல் சொன்னாள்.

*

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ரோசம்மாள் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். எலினா நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று. ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் இந்த வீட்டில் யாருக்கும் ராச்சாப்பாடு கிடையாது.

தவக்காலத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி இருப்பது அந்தத் தெருவில் புதிதல்ல. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மட்டும் இருப்பார்கள். நாற்பது நாளும், அதுவும் வீடு முழுக்க என்பது பெரிய நேர்ச்சை. பகல் முழுக்கக் காய் உரித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுப்பது லேசில்லை. கிறிஸ்துராஜ் இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாளிலிருந்து மோட்டாரை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டு இருட்டிய பிறகு பம்புசெட்டுக்குப் போனார். அங்கே பால்ச்சாமி வத்திராயிருப்பிலிருந்து பரோட்டா வாங்கி வைத்திருப்பான். திரும்பி வரும்போது வாயைக் கழுவிவிட்டு வருவார். சால்னா வாசம் சட்டையில் இருக்கும். ரோசம்மாள் மூக்கை உறிஞ்சுவாள். அவருடைய பாவம் அவரோடு என்று விட்டிருந்தாள்.

பிள்ளைத்தாச்சி என்று எலினாவுக்குக் காலையில் ராகிக் கூழும் முட்டையும் கூடுதலாகக் கிடைத்தது. மத்தியானம் மீன் வந்தால் நடுத்துண்டு அவளுக்கு. இரவில் சுக்குக் காப்பி மட்டும்.

முதல் நாள் இரவு எலினா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“வெறும் வயித்துல போட்டுறாத,” என்றாள் ரோசம்மாள். “ஒங்க மாமா அப்படிப் போட்டு வயிறு எரிஞ்சி ரத்தமா வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்குல்லா.”

“மத்தியானம் போட்டுக்கிடட்டா அத்தை?”

“அவியளுக்கு மத்தியானம் எழுதியிருக்கு. ஒனக்கு ராத்திரின்னு எழுதியிருக்கு. டாக்டரு எழுதுனத நாம மாத்தப்படாது.”

எலினா அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். டாக்டர் சொன்ன நேரத்தையும் மீறக்கூடாது, மாதாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறக்கூடாது. இரண்டுக்கும் பயந்து இரண்டு பெண்களும் மாத்திரையை நிறுத்தினார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. கிறிஸ்துராஜுக்கே தெரியாது. முதல் இரண்டு நாள் அவர் பசியோடு முன்னதாகவே படுத்துவிட்டார், பிறகு அந்த நேரத்தில் பம்புசெட்டில் இருந்தார்.

*

சாம்பல் புதனுக்குப் பிறகு யுவராணி முதல்முறையாக வந்தபோது பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. எலினா களத்தில் உட்கார்ந்து கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். யுவராணி அவளை நிழலுக்கு வரச் சொல்லி, கொஞ்சம் உட்கார வைத்துவிட்டுக் கையில் கொதிப்புப் பார்க்கும் பட்டையைக் கட்டினாள். காற்று ஏறியது, இறங்கியது. யுவராணி மறுபடி ஏற்றினாள். 

“போன தடவைக்கு ஏறியிருக்கு,” என்றாள் யுவராணி. “பயப்பட ஒண்ணுமில்ல. எல்லைக்குள்ளதான் இருக்கு. மாத்திரை ஒழுங்காப் போடுதீங்கல்லா?”

எலினா அத்தையைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் மடியில் கிடந்த நாரைப் பிய்த்தாள். பிறகு எலினாதான் சொன்னாள். சாம்பல் புதனிலிருந்து போடவில்லை என்றாள்.

யுவராணி பட்டையை அவிழ்த்துச் சுருட்டினாள். பேசியபோது சத்தம் உயரவில்லை. ராத்திரி முடியாவிட்டால் பகலில் போட்டிருக்கலாம், போடாமலே விட்டதற்கு அது எவ்வளவோ மேல் என்றாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் என்றாள். பிள்ளைத்தாச்சி பட்டினி கிடக்கவே வேண்டாம் என்று சாமியாரே பூசையில் சொன்னாராமே என்றாள்.

“இத நிறுத்துனதாலதான் ஏறிருச்சா சிஸ்டர்?” என்றாள் எலினா.

“அது எனக்குச் சொல்லத் தெரியாது எலினா. நிறுத்தக்கூடாதுங்கறது மட்டும் தெரியும். நாளைக்கே டாக்டரப் பாத்துருங்க. இன்னைக்கு ராத்திரி சாப்ட்டுட்டுப் போடுங்க.”

யுவராணி வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு களத்தில் வெயில் மட்டும் இருந்தது. கிறிஸ்துராஜ் மண்வெட்டியோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அவிய சொல்லிட்டுப் போயிட்டாக,” என்றாள் ரோசம்மாள். “சாமியாரும் சொல்லுவாக. வாக்குக் குடுத்தது நானு. பாதியில முறிச்சா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்.”

“என்னட்டி தெரியும் ஒனக்கு?” என்றார் கிறிஸ்துராஜ்.

ரோசம்மாள் அவரைப் பார்க்காமல் தேங்காய்க் குவியலைப் பார்த்துப் பேசினாள். முதல் பிள்ளை போன அந்த வருஷமும் இதே தவக்காலம். காய் வெட்டுக்கு ஆள் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை. கறி தின்னக் கூடாத நாளில் ஆட்களுக்குக் கறிக்குழம்பு வைத்தாள். ஆக்கினால் பாவமில்லை, தின்றால்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டு உப்புப் பார்க்க ஒரு கரண்டி வாயில் விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பேரன் போய்விட்டான்.

“நாந்தான் கொன்னேன்,” என்றாள். “இந்தத் தடவ நான் முறிக்க மாட்டேன்.”

கிறிஸ்துராஜின் கையிலிருந்த மண்வெட்டி தரையில் இறங்கியது. இத்தனை நாள் ஒரே வீட்டில் படுத்தெழுந்தும் அவருக்கு இது தெரியாது.

எலினா எழுந்தாள். வயிறு அப்போது நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. முந்தானையால் கையில் ஒட்டிய கொப்பரைத் தூளைத் துடைத்தாள். அவள் அந்த வீட்டில் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. இப்போதும் சத்தமாகப் பேசவில்லை.

“பிள்ள செத்தது கொதிப்புல அத்தை. ஒங்க கறிச்சட்டியில இல்ல.”

ரோசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குத் தல வலிச்சிது. கால் வீங்குச்சி. கண்ணு தெரியல. அம்புட்டும் கொதிப்பு. நமக்குத் தெரியாமப் போச்சி. எனக்கும்தான் தெரியல. அதுக்கு மாதா என்ன பண்ணுவா?” அவள் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். “நேந்துக்கிட்டது நீங்க அத்தை. நான் நேரல. நான் இன்னைக்குச் சாப்புடப் போறேன். மாத்திரையும் போடப் போறேன். எனக்கு இந்தப் பிள்ள வேணும்.”

அவள் உள்ளே போனாள். அரிசிப் பானையின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அரிசி களைகிற சத்தம் கேட்டது. கிறிஸ்துராஜ் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அடுப்படியில் ரசத்துக்குத் தாளிக்கிற வாசம் வந்தது.

பொழுது சாய்ந்தது. எலினா தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்தாள். முதல் உருண்டையைப் பிடித்தாள். ரோசம்மாள் எழுந்து உள்ளே வந்தாள். எலினா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரோசம்மாள் அவளைத் தாண்டிப் போய், அப்பளத்தைப் பொரித்து எடுத்து வந்து தட்டில் வைத்தாள்.

“வெறும் ரசத்த ஊத்தித் திங்க. ஒரு முட்டைய ஒடச்சி ஊத்தத் தெரியாதா ஒனக்கு?”

எலினா சாப்பிட்டாள். ரோசம்மாள் மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு அட்டையை எடுத்தாள். இரண்டு மாத்திரையைப் பிதுக்கி மருமகள் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஒம் பங்கையும் சேத்து நான் பட்டினி கெடக்கேன்,” என்றாள். “மாதாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

வாசலில் நின்றிருந்த கிறிஸ்துராஜ் தொண்டையைக் கனைத்தார். “அப்பம் எம் பங்கு?”

“ஒங்க பங்குதான் பம்புசெட்டுல பரோட்டாவாக் கெடக்கே.”

*

மறுநாள் டாக்டரம்மா பார்த்தார். நல்லவேளை, சிறுநீரில் புரதம் இல்லை. கொதிப்பை அடிக்கடி பார்க்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது, தலைவலியோ கண்மங்கலோ வந்தால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்றார். ரோசம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மாத்திரையை நிறுத்தியது தான்தான் என்றாள். மருமகள் பேரில் பழி வரக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒருத்திக்காக ராத்திரி அடுப்பு எரிந்தது. ரோசம்மாள் சமைத்துப் போட்டுவிட்டு எதிரே தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலினாவை வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரை இறங்கிவிட்டதா என்று பார்த்தாள். பெரிய வெள்ளியன்று அவள் தண்ணீரும் குடிக்கவில்லை. உயிர்ப்புப் பூசை முடிந்து வந்த காலையில் இட்லியும் கறிக்குழம்பும் வைத்து, தன் தட்டில் தானே போட்டுக்கொண்டு யாரிடமும் பேசாமல் வயிறாரச் சாப்பிட்டாள்.

மாங்காய் பழுத்தது. தோப்பில் காய் வெட்டு வந்தது. எலினாவைக் குவியல் பக்கமே விடவில்லை. ஏழாம் மாதம் வந்தபோது வீட்டில் யாரும் ஏழு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் ரோசம்மாள் மருமகளின் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டு, மாட்டச் சொன்னாள். கால் தடையில்லாமல் நுழைந்தது. யுவராணி பட்டையைக் கட்டும்போதெல்லாம் கிறிஸ்துராஜ் ஏதாவது வேலை இருப்பதுபோல் பக்கத்தில் வந்து நின்றார். “நல்லாருக்கு” என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போனார். போனில் ஜெர்வின் முதலில் கேட்டது மாத்திரையைப் பற்றித்தான். நம்மை யாரும் நலம் கேட்பதில்லை, எல்லாரும் மாத்திரையைத்தான் கேட்கிறார்கள் என்று எலினா சிரித்தாள்.

ஏழாம் மாதம் போனது. எட்டும் போனது. ஒன்பதாம் மாதம் தொடங்கிக் கொஞ்ச நாளில் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இனி அது தேவையில்லை, பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார். ரோசம்மாள் நம்பாமல் மறுபடி கேட்டாள். பிறகு, “சோத்தையும் நிறுத்தணுமா?” என்றாள். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

*

ஆனியில் மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கிய ஒரு காலையில் எலினாவுக்கு வலி எடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே உள்ளே போனாள். கொதிப்பைப் பார்த்த நர்ஸ் எழுதிக்கொண்டே, எந்தக் குறையுமில்லை என்றாள். ரோசம்மாள் வராந்தாவில் செபமாலையை உருட்டினாள். கிறிஸ்துராஜ் மழையில் நின்று டீ வாங்கினார். அதைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. அழுகை கதவைத் தாண்டிக் கேட்டது. அவ்வளவு சத்தமாக ஒரு பிள்ளை அழும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மூன்று கிலோ இருக்கிறது, தாயும் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னார்கள். கிறிஸ்துராஜ் டீயைச் சுவரோரம் வைத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். சிக்னல் கிடைத்தது.  போனை அப்படியே கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்தார். பிள்ளையின் அழுகை எங்கோ பனிக்குள் இருந்தவனுக்குக் கேட்டது.

சாயங்காலம் சத்திரப்பட்டியிலிருந்து எலினாவின் அம்மா ஜூடி வந்து சேர்ந்தாள். சீனித்தண்ணீர் கரைத்த சின்னக் கிண்ணத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் சேனை தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். வீட்டுக்கு மூத்தவள் வைப்பது வழக்கம். ஜூடி கிண்ணத்தைச் சம்பந்தியிடம் மரியாதையாக நீட்டினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

ரோசம்மாள் கிண்ணத்தை வாங்கவில்லை. தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. கட்டிலில் பிள்ளையை மாரில் அணைத்துக்கொண்டு கிடந்த எலினாவைப் பார்த்தாள்.

“எங்குணம் எதுக்கு மைனி?” என்றாள். “நான் எல்லாத்துக்கும் பயப்படுதவ. அவ ஆத்தா பாலே சேனையா இருக்கட்டும். ‘எனக்கு வேணும்’னு வாயத் தொறந்து கேட்டா பாருங்க, அந்தக் குணம் வரட்டும்.”

பிள்ளை மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. விடாமல் இழுத்துக் குடித்தது. எலினா அதன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.